பொறியியல் கழகம்: எதில் சேர்வது, எந்த வேலையைக் கேட்டு வாங்குவது

சுங்கை லாலாங், பீடோங், செமிலிங் வட்டாரத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பொறியியலாளர்கள். பாட்டி பால்மரம் சீவியவர். அப்பா சுங்கைப்பட்டாணியில் ஷிப்டு வேலை பார்க்கிறவர், அல்லது லாரி ஓட்டுகிறவர். இந்தக் குடும்பங்களுக்கு உழைப்பு தெரியும், இயந்திரமும் தெரியும். தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அதற்கு அத்தாட்சியாக ஒரு தாளும் அவர்கள் கையில் இருந்ததில்லை. பயிற்சிக்கு இடம் கேட்டு யாருக்கு எழுதுவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், வேலை காலியானால் யார் காதுக்கு முதலில் எட்டும் என்பதெல்லாம்தான் நம் வீட்டில் தெரியாத சங்கதிகள். உடன் படிக்கும் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல பாயான் லெப்பாஸிலோ கூலிமிலோ ஒரு மாமா இருப்பார். நமக்கு அப்படி ஒருவர் இல்லை.

மாணவர் பொறியியல் கழகத்துக்கு இந்த நூலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கியிருப்பது அதனால்தான். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள், உங்கள் பெயரைச் சொன்னதும் "ஒப்புக்கொண்டதை முடித்துக் கொடுக்கிற பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள், நான்கு பேராவது வேண்டும். படிக்கும் காலத்திலேயே அந்த நான்கு பேரைச் சம்பாதிக்க எனக்குத் தெரிந்த நேர்வழி கழகம். அங்கே கிடைக்கும் சான்றிதழ் இரண்டாம் பட்சம்.

அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது

வேலை தூரத்தில் இல்லை. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியன் 2006 முதல் சில்லு செய்கிறது. 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கென்று அங்கே புதிய ஆலையையும் திறந்தது. வடக்கே குரூணில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலை. தெற்கே இன்டெல் 1972இல் காலூன்றிய பினாங்கு. படிக்கும் இடங்களும் அப்படித்தான்: செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், கூலிமிலும் ஜித்ராவிலும் பாலிடெக்னிக்குகள், நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம், பெர்லிஸில் யூனிமேப்.

இத்தனை அருகில் இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. யூனிமேப் என்றால் ஆராவில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் சுங்கைப்பட்டாணி. எய்ம்ஸ்ட் என்றால் மோட்டார் சைக்கிளை எடுத்தால் போதும், வீடு. அதனால் நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிவிடுகிறார்கள். கழகத்து வேலை நடப்பதோ வார இறுதியில். கோத்தா பாருவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வந்த மாணவன் சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போகிறான், ஏனென்றால் அவனுக்குப் போக வேறு இடமில்லை. இரண்டு ஆண்டு கழித்து அணித் தலைவன் அவன். ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் அறிவுரை: முதல் பருவத்திலேயே மாதத்தில் இரண்டு வார இறுதிகளை வளாகத்தில் கழிப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதில் சேர்வது

பல்கலைக்கழகத் திறப்பு வாரத்தில் இருபது மேசை போட்டு இருபது கழகங்கள் கூப்பிடும். பொறியியல் சார்ந்தவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம். தொழில்முறைச் சங்கங்களின் மாணவர் கிளைகள் ஒரு கூட்டம். 1959இல் தொடங்கிய மலேசியப் பொறியியலாளர் கழகமான ஐ.இ.எம்., மின், மின்னணுத் துறைக்காரர்களின் உலகச் சங்கமான ஐ.இ.இ.இ. ஆகியவை இதில் சேரும். இவை சொற்பொழிவு, ஆலைப் பார்வை, கருத்தரங்கு நடத்தும். மற்ற கூட்டம் எதையாவது கட்டும் அணிகள்: பந்தயக் கார், எரிபொருள் சிக்கன வண்டி, ரோபோ, டிரோன்.

இரண்டிலும் ஒவ்வொன்றில் சேருங்கள், மூன்றாவது வேண்டாம். நேரத்தைக் கட்டும் அணிக்குக் கொடுங்கள். சங்கத்தில் மாணவர் உறுப்பினராக இருந்தால் போதும். அங்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டத்துக்குப் போய், பேச வந்த பொறியியலாளரிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள். ஐ.இ.எம்முக்குக் கெடா-பெர்லிஸ் கிளை தனியாக இருக்கிறது. அங்கே வருபவர்கள் நம் மாநிலத்தின் பாலத்தையும் நீர் வாய்க்காலையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொள்கிறவர்கள். கோலாலம்பூர் மாநாட்டைவிட அந்தச் சின்னக் கூட்டம் உங்களுக்குப் பயன்படும்.

இந்திய மாணவர் பண்பாட்டுக் கழகம் பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகச் சேருங்கள். வெளியூர் வளாகத்தில் முதல் பருவத்தில் சோறும் துணையும் தருவது பல சமயம் அதுதான். ஆனால் நான்கு ஆண்டும் அங்கேயே தங்கிவிடும் பொறியியல் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பொங்கல் விழாவுக்கு ஜெனரேட்டர் பிடித்து, விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு மின்சுமை என்று கணக்குப் போட்டு, கேபிள் தடிமன் பார்த்து, மழைக்கு மூடி வைத்த பிள்ளை செய்தது மின்பொறியியல். அதை "விழாக் குழு உறுப்பினர்" என்ற மூன்று சொல்லில் எழுதி முடித்துவிடுகிறது. அந்த விழாவையே செய்யுங்கள், கணக்கை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

யாரும் கேட்காத வேலையைக் கேளுங்கள்

அணியில் சேர்ந்ததும் எல்லோரும் என்ஜின் பக்கம், மோட்டார் பக்கம், ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போவார்கள். புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலைதான் மிஞ்சும். பொருள் வாங்குதல், செலவுக் கணக்கு, விதிப் புத்தகம் படித்தல், அறிக்கை எழுதுதல் ஆகிய நான்கும் எந்த அணியிலும் ஆளில்லாமல் கிடக்கும். போய்க் கேளுங்கள். அன்றைக்கே கிடைக்கும்.

இவற்றைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியா வரை நடக்கும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. மாணவர் கார் போட்டிக்கு மொத்தம் 1000 மதிப்பெண். வடிவமைப்பை நடுவர்களிடம் விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தை எடுத்துரைப்பதற்கு 75. ஆக 325 மதிப்பெண் கார் ஓர் அடி நகருமுன் முடிவாகிவிடுகிறது. வேகமுடுக்கப் பந்தயத்துக்கு வெறும் 100தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் விலை போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, அந்தப் பந்தயத்தில் ஓட்டியவருக்குச் சமமாக அணிக்குச் சேர்த்துக் கொடுக்கிறது.

விதிப் புத்தகமும் அப்படித்தான். ஷெல் எகோ மாரத்தான் ஆசியப் போட்டி 2010இல் செப்பாங்கில்தான் தொடங்கியது. குறைந்த எரிபொருளில் அதிக தூரம் போக வேண்டும். ஆனால் ஓடுபாதைக்குள் விடுமுன் வண்டி பரிசோதனையில் தேற வேண்டும். ஓட்டுநர் பத்து விநாடிக்குள் யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். 20 விழுக்காட்டுச் சாய்தளத்தில் ஆளோடு நிறுத்தி பிரேக் பிடித்தால் வண்டி அசையக்கூடாது. இதையெல்லாம் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே படித்து, பட்டறையிலேயே ஒரு சாய்தளம் அடித்து, வாரந்தோறும் வண்டியை ஏற்றிப் பார்க்கிறவர் இல்லாத அணி, ஓராண்டு உழைப்பைப் பரிசோதனைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வரும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள். தொழிற்சாலையில் இதற்கே தனித்துறை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பொருள் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் 'எம்8 போல்ட்' என்று போட்டிருக்கும். கடைக்காரரிடம் எம்8 என்று கேட்டால் எடுத்துப் போடுவார். எம்8இல் சாதாரண மரைக்கு இடைவெளி 1.25 மில்லிமீட்டர், நுண்மரைக்கு 1 மில்லிமீட்டர். ஒன்றின் போல்ட்டில் மற்றதன் நட்டைப் போட்டால் முதல் சுற்று ஏறுவதுபோல் ஏறும், பிறகு இறுகிக்கொள்ளும். அவசரத்தில் ஸ்பேனரை அழுத்தினால் மரை பிய்ந்துவிடும். அதோடு போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும் வலிமைத் தரத்தையும் பார்க்க வேண்டும். இத்தனையும் குறித்த பட்டியலோடு சுங்கைப்பட்டாணிக் கடைக்குப் போய், மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, ரசீதை ஒட்டி வைத்து, வந்த பொருளை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மாணவி அதே வேலையைத் தொழிற்சாலைக் கொள்முதல் பிரிவில் முதல் நாளே செய்வார். வகுப்பறையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மூன்று மொழி

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் பலருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது: வாயைத் திறந்தால் ஆங்கிலம் தடுக்கும். வகுப்பில் வாய் திறக்காமலே நான்கு ஆண்டு ஓட்டிவிட முடியும். கழகத்தில் முடியாது. மாணவர் விவகாரப் பிரிவுக்கு மலாயில் கெர்த்தாஸ் கெர்ஜா என்னும் திட்ட முன்மொழிவு எழுத வேண்டும். தொழில்நுட்ப அறிக்கை ஆங்கிலத்தில். பட்டறையில் மூன்றும் கலந்து சத்தம் போட வேண்டும். கையில் ஒரு பாகத்தை வைத்துக்கொண்டு "இது ஏன் வளைந்தது" என்று விளக்கும்போது இலக்கணம் பார்க்க நேரம் இருக்காது, கேட்பவரும் பார்க்க மாட்டார். சரளம் அப்படித்தான் வருகிறது. முதல் ஆண்டிலேயே ஓர் ஐந்து நிமிட விளக்கவுரையை நீங்களாக வலியக் கேட்டு வாங்குங்கள். ஐந்து படம், ஐந்து நிமிடம். முந்தின இரவு அறை நண்பர் முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள்.

எழுதி வையுங்கள்

நூறு ஏடு நோட்டு ஒன்று போதும். பட்டறைக்குப் போன ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதுங்கள். இந்த மாதிரி:

"பின் பிரேக் சாய்தளத்தில் நிற்கவில்லை. குழாயில் காற்று என்று நினைத்து எண்ணெய் மாற்றினோம். மறுபடி நழுவியது. மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன், உள்ளே ரப்பர் வளையம் ஓரத்தில் கிழிந்திருந்தது. பொருத்தும்போது துளை விளிம்பில் உரசியிருக்கிறது. புது வளையம் போட்டு விளிம்பை மழித்தோம். பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்தேன், அசையவில்லை."

நேர்முகத்தில் இந்த நான்கைந்து வரிதான் பேசும். அங்கே நடப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"கழகத்தில் என்ன செய்தீர்கள்?"

"நாங்கள் ஒரு வண்டி செய்தோம், சார்."

"வண்டி சரி. அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"பிரேக்."

"எது உடைந்தது?"

இந்தக் கேள்விக்கு விழிக்கிறவர்கள் செயலாளர், துணைத் தலைவர் என்று ஆறு பதவிகள் எழுதியவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். கிழிந்த வளையத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவரிடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பார். காரணத்தை ஊகித்து, தவறென்று கண்டு, மறுபடி தேடி, சரிசெய்ததைச் சோதித்துப் பார்த்த கதை அது. ஆலையில் அன்றாடம் நடப்பதும் அதுவே.

இன்னொரு விஷயம். மலேசியா 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடு. அங்கீகாரம் பெற்ற நம் பொறியியல் பட்டம் மற்ற உறுப்பு நாடுகளிலும் ஏற்கப்படுவது அதனால். அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் தகுதிகளில் குழுவாக வேலை செய்தல், எடுத்துச் சொல்லுதல், தொழில் அறம், திட்ட மேலாண்மை எல்லாம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கழகத்துக்குப் போவது படிப்பைக் கெடுக்கும் என்று சொல்கிற விரிவுரையாளரிடம் பணிவோடு இதை நினைவூட்டலாம்.

ஆனால் தேர்ச்சிப் புள்ளி இறங்கிக்கொண்டே போனால் கழகத்தைக் குறையுங்கள். இரண்டு பருவம் தொடர்ந்து இறங்கினால் அந்த ஆண்டு ஒதுங்கியே இருங்கள். உபகாரச் சம்பளமோ பி.டி.பி.டி.என். கடனோ வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

மின்கலமும் உயிரும்

ரோபோ, டிரோன் அணிகளில் லித்தியம் பாலிமர் மின்கலம் புழங்கும். ஒரு கலத்துக்கு முழு மின்னேற்றம் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். சும்மா வைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். உப்பிய கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, குத்தவும் கூடாது. விடுதி அறையில், மெத்தைப் பக்கத்தில், தூங்கப் போகும்போது மின்னேற்றம் போடவே கூடாது. பற்றினால் சில விநாடியில் கொழுந்துவிடும். வெல்டிங்குக்கு முகமூடி, அரவைக்குக் கண்ணாடி, காலுக்கு மூடிய காலணி. சிலிப்பர் போட்டு வருகிற சீனியராக இருந்தாலும் "அண்ணே, ஷூ போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 1994 முதல் இருக்கிறது. நாளைக்கு அதன்படி ஆட்களை நடத்த வேண்டியவர் நீங்கள்.

வீட்டில் என்ன சொல்வது

"சனிக்கிழமையும் வரலன்னா எப்படிம்மா?" என்று அம்மா கேட்பார். ஒரு தடவை பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கே வேலை செய்கிறீர்கள், கூட யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று கண்ணால் பார்த்த தாய் பிறகு பெரும்பாலும் தடுப்பதில்லை. பெண்பிள்ளைகள் இரவு வேலைக்கு விடுதி அனுமதியை அணி முழுவதுக்குமாகச் சேர்த்து, ஆலோசகர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் தனியாகப் போய்க் கெஞ்சும் நிலை வேண்டாம். "பொம்பளப் பிள்ளைங்க பேனர் எழுதட்டும்" என்று ஒதுக்கும் அணியானால், பேசிப் பார்த்தும் மாறாவிட்டால், வேறு அணிக்குப் போய்விடுங்கள். அதில் பொறுமை காட்டி ஆவதொன்றுமில்லை.

பணம் பற்றி: சந்தா கட்டுங்கள். பொருளுக்குக் கைக்காசு போடாதீர்கள். போட்டே ஆக வேண்டியிருந்தால் ரசீது இல்லாமல் போடாதீர்கள். வீட்டில் கேட்டு வாங்கிய காசு திரும்பி வராமல் போனதால் கழகத்தையே விட்டுவிட்ட பிள்ளைகள் உண்டு.

கழகமே இல்லாத இடத்தில்

சின்னக் கல்லூரியிலோ சமூகக் கல்லூரியிலோ படிக்கிறீர்கள், அங்கே ஒன்றுமில்லை. ஐந்து பேர், ஓர் ஆலோசக விரிவுரையாளர், இரண்டு பக்கக் கெர்த்தாஸ் கெர்ஜா, இவை இருந்தால் தொடங்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2008இல் தொடங்கிய புத்தாக்க மையத்தை இன்றைக்கும் மாணவர்களே நடத்துகிறார்கள். அந்த வளாகத்தின் அவிஷ்கார் அணி 2019இல் கலிபோர்னியாவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய ஹைப்பர்லூப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனது. அவர்களுக்கு இருந்த பணமும் கருவியும் உங்களுக்கு இருக்காது. ஆனால் மாணவரே திறவுகோல் வைத்திருப்பது, மாணவரே கணக்குக் காட்டுவது என்ற ஏற்பாட்டுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

முதல் ஆண்டில் போட்டிக்குப் போக வேண்டாம். ஊரிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. செமிலிங்குக்கும் பீடோங்குக்கும் பக்கத்தில் சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தெடுத்த பழங்கால இரும்பு உருக்குத் தளங்கள் இருக்கின்றன. உலைக்குக் காற்று ஊத வைத்த களிமண் குழாய்களை அங்கே காணலாம். வேதியியல், உலோகவியல் படிக்கிறவர்கள் அதைப் பார்க்காமல் இந்த ஊரைவிட்டுப் போகக் கூடாது. கட்டுமானத் துறைக்காரர்களுக்கு மூடா நீர்ப்பாசனத் திட்டம் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் கட்டிய மூடா, பெடு அணைகளை மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது. சுமார் 96,000 ஹெக்டேர் நெல்வயல் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில். இரண்டு பார்வை முடித்து, இரண்டுக்கும் அறிக்கை எழுதி ஆலோசகரிடம் கொடுத்தாலே கழகத்துக்கு ஒரு முகம் வந்துவிடும். அடுத்து, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் போய் ஒரு சிறு வேலை: மழைநீர்த் தொட்டி, அறிவியல் விழாவுக்கு மாணவர்களோடு சேர்ந்து ஒரு கருவி. அங்கே தலைமையாசிரியர் கேட்கும் கேள்விகள், எந்த வாடிக்கையாளரும் கேட்பவைதான்: எவ்வளவு ஆகும், எப்போது முடியும், பழுதானால் யார் வருவது. மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இறுதி ஆண்டில்

கடைசிப் பருவத்துக்கு முந்தின பருவத்தில் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். வரைபடம், ரசீது, கடைகளின் பெயர், உடைந்தவற்றின் பட்டியல், யாரிடம் அனுமதி வாங்குவது என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒரு மாதம் பக்கத்தில் இருந்து பாருங்கள், கை வைக்காதீர்கள்.

பட்டம் வந்ததும் 1967ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ளுங்கள். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஆண்டுகளை இழக்கிறார்கள். குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் தேர்வும் முடித்தால்தான் தொழில்முறைப் பொறியியலாளர் என்ற தகுதி கிடைக்கும். அந்த அனுபவத்தையும் தேதிவாரியாக எழுதித்தான் காட்ட வேண்டும். கழகத்தில் தொடங்கிய நோட்டின் பழக்கம் அங்கே கைகொடுக்கும். டிப்ளோமா, தொழில்நுட்பப் பட்டம் படித்தவர்கள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசியத் தொழில்நுட்பர் வாரியத்தைப் பார்க்க வேண்டும். ஐ.இ.எம். மாணவர் உறுப்பினராக இருந்தவர்கள் பட்டதாரி உறுப்பினராக மாற விண்ணப்பித்துவிடுங்கள்.

வேலை விண்ணப்பத்தில் பரிந்துரையாளர் இருவரின் பெயர் கேட்பார்கள். ஒருவர் கழக ஆலோசகர். மற்றவர் உங்களுக்கு முன்பே படித்து வெளியேறி இப்போது கூலிமிலோ பினாங்கிலோ வேலையில் இருக்கும் அணிச் சீனியராக இருக்கலாம். பெயரைப் போடுமுன் இருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த நிறுவனம், எந்த வேலை என்று சொல்லி, நோட்டிலிருந்து இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், பேசும்போது அவர்களுக்குக் கையில் ஏதாவது இருக்கும்.